கன்ட்ரோலரைக் கொன்றது யார்?

பலகைகளில் நமக்குத் தெரிந்தவை பல உண்டு. உட்காருவதற்கு மணைப் பலகை. ஆடுவதற்கு ஊஞ்சல் பலகை. இரவில் கடையைச் சாத்துவதற்கு எண் போட்ட கடைப் பலகை. புலவர்களாக இருந்தால் சங்கப் பலகையையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்த வரிசையில் இப்போது இன்னொன்று வந்து சேர்ந்திருக்கிறது. அடியில் பாட்டரி, பின்சக்கரங்களுக்குள்ளேயே மோட்டார், கையில் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன ரிமோட். ஏறி நின்று ரிமோட்டின் விசையை முன்னால் தள்ளினால் ஓடும். பின்னால் இழுத்தால் நிற்கும். மின்சார ஸ்கேட்போர்டு என்று பெயர்.

இழுத்தால் நிற்கும் என்றேன். நாம் சொல்லும்போதுதான் அது நிற்கவேண்டும். தானாகவே, தனக்குத் தோன்றியபோது நின்றால் என்ன ஆகும்? என் அக்கா மகனுக்கு அதுதான் ஆயிற்று.

அவன் செங்கற்பட்டில் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். யாரோ ஓட்டி அலுத்துப்போன பலகை ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்விடுவான். சுமார் 30 கிலோமீட்டர் தூரம். "செங்கற்பட்டில் தெருவே இல்லையா?" என்று அக்கா கேட்பாள். தெரு இருக்கிறது. ஆனால் பலகைப் பித்துப் பிடித்தவர்களுக்கு மாமல்லபுரம் ஒரு க்ஷேத்திரம் மாதிரி!

அதற்குக் காரணம் உண்டு. அந்தக் கடலோரத்தில் வளர்ந்த கமலி மூர்த்தி என்ற சிறுமி, சக்கரப் பலகையில் ஏறி உலகத்தின் கண்ணில் பட்டாள். (அவளுடைய பலகையில் மோட்டார் கிடையாது, கால்தான் மோட்டார்.) அவளையும் அவள் தாயாரையும் பற்றி சாஷா ரெயின்போ என்ற பெண்மணி எடுத்த 'கமலி' என்ற குறும்படம், 2020-ஆம் ஆண்டில் பிரிட்டனின் பாஃப்டா பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது. அந்த வருஷம் பரிசு வேறொரு படத்துக்குப் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படமும் காபூல் நகரத்துச் சிறுமிகள் சக்கரப் பலகை பழகுவதைப் பற்றியதுதான்!

அக்காவின் மகளுக்கு வயது பன்னிரண்டு. கமலியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, "அண்ணா, எனக்கு எப்போது?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை" என்று இவனும் வாக்குக் கொடுத்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் பலகை அவனைக் கீழே தள்ளியது.

இரண்டு சாவு

சில நாட்களாகவே பலகை திக்கித் திக்கி ஓடிக்கொண்டிருந்ததாம். பையன் லட்சியம் செய்யவில்லை. அன்று மாலை ஒரு வளைவில் உடம்பைச் சாய்த்துத் திரும்பினான். திடீரென்று பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. பலகை நின்றது, பையன் நிற்கவில்லை! இரண்டு உள்ளங்கையும் ஒரு முழங்காலும் தோல் உரிந்து வீடு வந்து சேர்ந்தான். தலையில் ஹெல்மெட் இருந்ததோ, நான் இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேனோ!

பலகையைப் பிரித்துப் பார்த்ததில் கன்ட்ரோலர் கருகியிருந்தது. "கன்ட்ரோலர் போய்விட்டது, மாமா. புதிசு போட்டால் சரியாகிவிடும்" என்றான். பணம் கொடுத்தவன் அடியேன். தபாலில் புதிசு வந்தது. மாட்டி, பலகையை மேஜைமேல் கவிழ்த்துப் போட்டு ஓட்டிப் பார்த்தான். சக்கரங்கள் வண்டாகச் சுழன்றன. தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனான். பத்தே நிமிஷம். முதல் வளைவில் புகை!

நல்ல வேளை, இந்தத் தடவை குதித்துவிட்டான். "கன்ட்ரோலரே மட்டமான சரக்கு, மாமா. இன்னொன்று..." என்று ஆரம்பித்தான். நான் பர்ஸைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு, "அதற்கு முன்னால் ஒருவரிடம் காட்டலாம் வா" என்று அவனை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தச் சின்னப் பெட்டிக்குள்

கடைக்குப் போய்ச் சேருவதற்குள் கன்ட்ரோலர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

பாட்டரிக்கு ஒரே ஒரு காரியம்தான் தெரியும்: ஒரே திசையில் மின்சாரம் கொடுப்பது. சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாருக்கோ மூன்று கம்பிகள். அவற்றில் இப்போது இதில், அடுத்து அதில், பிறகு மற்றதில் என்று மாற்றி மாற்றி மின்சாரம் பாய்ந்தால்தான் உள்ளே இருக்கும் காந்தங்கள் இழுபட்டுச் சக்கரம் சுற்றும். இந்த முறை மாற்றும் வேலையைச் செய்வதுதான் கன்ட்ரோலர். ஒரு மோட்டாருக்கு ஆறு மின் கதவுகள் அதற்குள் உண்டு. மாஸ்ஃபெட் என்று பெயர். 1959-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் அட்டல்லா, காங் என்ற இருவர் உருவாக்கிய சாதனத்தின் வம்சம் இது. வினாடிக்குப் பல்லாயிரம் முறை இந்தக் கதவுகள் திறந்து மூடுகின்றன.

எந்தக் கதவை எப்போது திறப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்? மோட்டாருக்குள் மூன்று ஹால் சென்சார்கள் உட்கார்ந்துகொண்டு, காந்தம் எங்கே வருகிறது என்று தகவல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எட்வின் ஹால் என்பவர் 1879-இல் கண்டுபிடித்த விளைவை வைத்துச் செய்தது; அதனால் அவர் பெயர்.

பிரேக் பிடிக்கும்போது இந்த ஏற்பாடு அப்படியே தலைகீழாகிறது. சக்கரம் சுற்ற, மோட்டார் டைனமோ ஆகிவிடுகிறது. மின்சாரம் பாட்டரிக்கே திரும்பிப் போகிறது. செங்கற்பட்டுக்கு வந்துபோகும் மூன்று பேஸ் மின்சார ரயில்களிலும் தத்துவம் இதுதான்; அளவுதான் வேறு.

ஆகவே இதைக் கவனியுங்கள்: இந்த மாதிரிப் பலகையில் தனியாகப் பிரேக் கட்டை கிடையாது. கன்ட்ரோலர் செத்தால் பிரேக்கும் செத்தது. அதிலும் மாஸ்ஃபெட் சாகும்போது பெரும்பாலும் மூடிய கதவாகச் சாவதில்லை. திறந்த கதவாகச் சாகிறது. ஷார்ட் ஆகிவிட்டது என்கிறோமே, அதுதான். அப்படி ஆனால் ஓடுகிற சக்கரத்தையே அது இறுக்கிப் பிடித்துவிடும். பிரேக் இல்லாமல் போவது ஒரு விபத்து. வேண்டாதபோது பிரேக் விழுவது இன்னொரு விபத்து. இரண்டுக்கும் இடம் ஒன்றே.

காயில் கட்டும் கடை

நான் பையனை அழைத்துப்போன இடம் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு பழைய கடை. கிணற்று மோட்டாரும், மிக்ஸியும், மேஜை விசிறியும் குவிந்து கிடந்தன. கடைக்காரப் பெரியவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, பல்லாங்குழிப் பலகைக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கு?"

பையன் விளக்கினான். வோல்ட்டு, ஆம்பியர் என்று ஆரம்பித்தவனைப் பெரியவர் கையமர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். எப்போ நின்னுச்சு? நேராப் போறப்பவா, திரும்புறப்பவா?"

"திரும்பும்போதுதான் ஐயா."

"ரெண்டு தடவையுமா?"

"ஆமாம் ஐயா, ரெண்டு தடவையும்."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்போ செத்தது கன்ட்ரோலர்தான். கொன்னது வேற ஆளு. அவனைப் பிடிக்காம மூணாவது ஒண்ணு மாட்டினா, அதுவும் போயிடும்."

பாட்டரியைக் கழற்றி அப்பால் வைத்தார். மோட்டாரின் மூன்று பெரிய கம்பிகளையும் கன்ட்ரோலரிலிருந்து பிரித்தார். சக்கரத்தைச் சுற்றினார், லேசாகச் சுற்றியது. கன்ட்ரோலரோடு சேர்ந்திருந்தபோது அதே சக்கரம் அசையக்கூட மறுத்தது.

"பாத்தியா? இறுக்கிப் பிடிச்சது கன்ட்ரோலர். மோட்டார் பாவம், சுத்தம்."

பிறகு அந்த மூன்று கம்பிகளில் இரண்டின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். கடகடவென்று கனமாகச் சுற்றியது. அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி. மூன்றிலும் ஒரே மாதிரிக் கனம். "காயில் மூணும் நல்லா இருக்கு" என்றார். மீட்டர் இல்லை, மிஷின் இல்லை. கையே மீட்டர்!

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியமானது. பலகையை நிமிர்த்தி வைத்து, ஒருவன் ஏறி நின்று திரும்பினால் எப்படிச் சாயுமோ அப்படிப் பின் அச்சைக் கையால் சாய்த்து அழுத்தினார். "இப்போ சக்கரத்தைச் சுத்து தம்பி" என்றார்.

சக்கரம் இறுகிவிட்டது!

அச்சை நேராக்கினார், சக்கரம் விட்டுக்கொடுத்தது. சாய்த்தார், பிடித்துக்கொண்டது. மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை மோட்டார்க் கம்பியிலும் ஒரு முனையை அச்சின் இரும்பிலும் வைத்துச் சாய்த்தார். 'பீப்' என்று கத்தியது. பையனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

மோட்டாரிலிருந்து வரும் கம்பிக் கற்றை அச்சின் விளிம்பை ஒட்டிப் போகிறது. ஒவ்வொரு வளைவிலும் அந்த விளிம்பில் உராய்ந்து உராய்ந்து, இரண்டு கம்பிகளின் மேல்தோல் தேய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. சாயும்போது இரண்டும் இரும்பைத் தொடும். ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கன்ட்ரோலர் கொடுக்கும் மின்சாரமெல்லாம் மோட்டாருக்குப் போகாமல் அந்த வழியே பாய, மாஸ்ஃபெட் கருகிப்போகும். மேஜைமேல் கவிழ்த்து ஓட்டிப் பார்த்தபோது பலகை சாயவில்லை. அதனால் குற்றமும் வெளிப்படவில்லை.

தேய்ந்த இடத்துச் செம்பு பளபளப்பாக இல்லை. பச்சையாகப் பூத்திருந்தது. பெரியவர் அதை விரலால் தடவிப் பார்த்து, "கடலோரத்துல ஓட்டுறியா?" என்று கேட்டார்.

உப்புக் காற்று

வீட்டில் செம்புக் குடத்தைத் தேய்க்காமல் விட்டால் களிம்பு ஏறுகிறதல்லவா? அதே களிம்புதான். கடற்காற்றில் உப்பு நுண்துளியாகக் கலந்து வருகிறது. உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈர உப்பு மின்சாரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தும். கன்ட்ரோலரின் சர்க்யூட் பலகையில் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே உள்ள இடைவெளி நெல் முனையைவிடக் குறைவு. அங்கே இந்த ஈரம் படிந்தால் போகக்கூடாத இடத்துக்கு மின்சாரம் போகும். இணைப்பு முனைகளில் களிம்பு ஏறினால், போகவேண்டிய இடத்துக்குப் போகாது. இரண்டும் கெடுதல்.

உப்பின் வல்லமையை மாமல்லபுரத்திலேயே பார்க்கலாம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயில், கருங்கல்லால் ஆனது. அந்தக் கல்லையே உப்பு அரிக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, அது உள்ளிருக்கும் உப்பை உறிஞ்சிக்கொண்டு காய்ந்தபின் உரித்தெடுக்கிறார்கள். கல்லுக்கே இந்தக் கதி என்றால், தலைமுடி பருமன் உள்ள செம்புக் கோடு எம்மாத்திரம்?

களிம்பு என்றதும் புளியைக் கரைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்! சர்க்யூட்டுக்குப் புளி விஷம். மருந்துக் கடையிலும் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, நன்றாக உலர்த்த வேண்டும். பாட்டரி அருகே இருக்கும்போது இதைச் செய்யக்கூடாது. எளிதில் தீப்பற்றும் திரவம் அது.

நீங்களே துப்பறியலாம்

உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் இப்படி ஒரு பலகையோ, மின்சார ஸ்கூட்டரோ இருக்கலாம். மின்சார ஸ்கூட்டர்களிலும் இதே மூன்று கம்பி மோட்டார்தான் பெரும்பாலும். பழுதுபார்ப்பவர் கன்ட்ரோலரை மாற்றவேண்டும் என்று சொல்லுமுன் செய்யவேண்டிய சோதனைகள் இவை.

முதலில் பாட்டரியைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் பத்து நிமிஷம் பொறுங்கள். கன்ட்ரோலரில் உள்ள கெபாசிட்டர்கள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். பாட்டரி உப்பியிருந்தாலோ, நனைந்திருந்தாலோ, சுட்டாலோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லிதியம் பாட்டரி தீப்பிடித்தால் அணைப்பது சிரமம். அதைத் திறந்து பார்க்கும் ஆசையே வேண்டாம்.

பலகைக்கு உயிரே இல்லையென்றால் கன்ட்ரோலரைச் சந்தேகிக்காதீர்கள். பாட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். பத்து செல் வரிசையாக உள்ள பாட்டரி முழுதும் ஏறியிருந்தால் 42 வோல்ட் காட்ட வேண்டும். பாட்டரி சரியாக இருந்தால் சுவிட்சு, ஃப்யூஸ், இணைப்பு முனை இவற்றைப் பாருங்கள்.

உயிர் இருக்கிறது, ஆனால் திக்குகிறது என்றால் ஹால் சென்சாரின் மெல்லிய கம்பிகளையும் மூன்று பெரிய கம்பிகளின் முனைகளையும் பாருங்கள். திக்குவது பலகை தரும் எச்சரிக்கை. அதை மதிக்காததால்தான் எங்கள் பையன் விழுந்தான்.

சக்கரம் இறுகினால் பெரியவர் செய்தபடி கம்பிகளைப் பிரித்துச் சுற்றிப் பாருங்கள். பிரித்ததும் லேசானால் குற்றம் கன்ட்ரோலரில். அப்போதும் இறுகினால் மோட்டாரில் அல்லது அதன் கம்பியில். அச்சைச் சாய்த்தும் சுற்ற மறக்காதீர்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் அதை டயோடு நிலையில் வையுங்கள். கன்ட்ரோலரின் பாட்டரிக் கறுப்புக் கம்பியில் மீட்டரின் சிவப்பு முனை. கறுப்பு முனையை மோட்டாருக்குப் போகும் மூன்று இடங்களிலும் ஒவ்வொன்றாக. பிறகு மீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரிச் சிவப்புக் கம்பியில் வைத்து, சிவப்பு முனையை அந்த மூன்று இடங்களிலும். ஆறு அளவும் சுமார் 0.4 முதல் 0.6 வரை, ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால் மாஸ்ஃபெட்டுகளில் ஷார்ட் இல்லை. எங்கேயாவது பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அந்தக் கதவு போய்விட்டது.

இன்னொன்று: மோட்டாரின் மூன்று கம்பிகளுக்குள்ளேயே மீட்டரை வைத்தால் 'பீப்' என்று கத்தத்தான் செய்யும். பயப்படாதீர்கள், காயில் என்றால் அப்படித்தான். கம்பிக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையே கத்தினால்தான் ஆபத்து.

சில கன்ட்ரோலர்கள் மரண வாக்குமூலமும் எழுதி வைக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் என்ற பொறியாளர், தாம் வடிவமைத்த கன்ட்ரோலரின் படங்களையும் நிரலையும் யாரும் செய்துகொள்ளலாம் என்று உலகத்துக்குத் திறந்துவிட்டார். அந்த வகையில் எதனால் நின்றது என்ற குறிப்பைக் கைப்பேசியில் படிக்கலாம். மின்சாரம் மிஞ்சியதா, வோல்ட் மிஞ்சியதா, சூடு மிஞ்சியதா என்று தெரிந்துவிடும். வோல்ட் மிஞ்சியது என்றால், பாட்டரி நிறைந்திருக்கும்போதே இறக்கத்தில் பிரேக் பிடித்திருப்பீர்கள். நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றிய கதை அது.

மூன்றாவது கன்ட்ரோலர்

பெரியவர் தேய்ந்த கம்பிகளை வெட்டி, களிம்பைச் சுரண்டி, ஈயம் பற்றவைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்லீவ் போட்டார். கற்றையை விளிம்பிலிருந்து விலக்கித் தளர்வாகக் கட்டினார். விளிம்பையும் அரத்தால் தேய்த்து மழுப்பினார்.

மூன்றாவது கன்ட்ரோலர் வந்தது. (ஆம், பர்ஸ் மீண்டும் வெளியே வந்தது.) பெரியவர் அதை நேராகப் பாட்டரியில் மாட்டவில்லை. 24 வோல்ட் லாரி பல்புகள் இரண்டை வரிசையாக இணைத்து, அதன் வழியாக மின்சாரம் கொடுத்தார். காயில் கடைகளில் சீரிஸ் லாம்ப் என்பார்களே, அதே யுக்தி. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்தது. "நல்ல சகுனம்! அணையாம நின்னு எரிஞ்சா உள்ளே ஷார்ட்டுன்னு அர்த்தம். பல்பு எரியும், கன்ட்ரோலர் தப்பிச்சுக்கும்" என்றார்.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை, இரண்டாவது கன்ட்ரோலருக்கு நான் அழுத பணத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. முதலிலேயே இங்கே வந்திருந்தால் என்று பையனைப் பார்த்தேன். அவன் பலகையைப் பார்த்தான்.

இப்போது இணைப்பு முனைகளில் சிலிக்கோன் கிரீஸ் தடவியிருக்கிறான். கடலோரத்திலிருந்து திரும்பியதும் உலர்ந்த துணியால் துடைக்கிறான். தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை. மாதம் ஒரு முறை அச்சைச் சாய்த்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளும் ஏறினாள். தலையில் ஹெல்மெட், முழங்கையிலும் முழங்காலிலும் கவசம். அண்ணன் பக்கத்திலேயே ஓடிவந்தான். முதல் வளைவு வந்தது. உடம்பைச் சாய்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பலகை வழுக்கிக்கொண்டு திரும்பியது. "மாமா, நீங்களும் ஏறுங்களேன்!" என்று அங்கிருந்தே கூவினாள்.

எனக்கு மணைப் பலகையே போதும் என்று சொல்லிவிட்டேன்.